முன்கூட்டியே மன்னிப்புக் கேட்ட சத்தம்

மதிப்பிற்குரிய மைத்துனர் இவாவோ அவர்களுக்கு,

ஷிபுகாவாவிலிருந்து மினெகிஷி தொகுஜி தலை தாழ்த்தி எழுதுவது. மழை மாதம் தொடங்கிவிட்டது. வேலியோரம் ஹைட்ரேஞ்சியா கொத்துக் கொத்தாக நீலம் பூத்திருக்கிறது, கொடியில் போட்ட துணி காய மறுக்கிறது, வயல் தவளைகள் எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தைவிட ஒழுங்காக முறை வைத்துக் கத்துகின்றன. சப்போரோவில் மழை மாதமே கிடையாதாமே, பொறாமையாக இருக்கிறது. அங்கே மகள் வீட்டில் தாங்களும் யாசுயோ அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை ஃபுசாயேயும் சுகம். தாங்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டியும் சுகம்தான், அதன் மூக்கைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவம் சொல்லியாயிற்று, நலம் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யாசுயோ அக்காவுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தைத் தாங்கள்தான் மச்சானுக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே சட்டென்று தாண்டிவிட வேண்டும் என்று அங்கங்கே குறிப்பு எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதன்படி வாசிக்கவும். குறிப்பையும் சேர்த்து வாசித்துவிடாதீர்கள்.

புத்தாண்டன்று தொலைபேசியில் தாங்கள் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "தொகுஜி, கண்ணு மங்கிப்போச்சுய்யா. மூஞ்சி பக்கத்துல வந்தாத்தான் யாருன்னு தெரியுது. ஆனா காது இன்னும் கூர்மையாத்தான் இருக்கு. ஓபோன் பண்டிகைக்கு, பெரியவங்களுக்குக் கும்பிடு போட ஊருக்கு வரும்போது என்னை அகாகி மலையில அந்தப் பழைய டீக்கடை வளைவுல உக்கார வை. என் வண்டி ஏறி வர்றத ஒரு தடவ காதால பாத்துட்டுப் போறேன்" என்றீர்கள். நான் ஆகட்டும் என்றேன். பிறகு தாங்களே, "அந்தக் காத்து ஃபில்டர் பெட்டி ரொம்பப் பழசு, வண்டி மூச்சு முட்டுது. வெளியில நல்லதா விக்கிறாங்க, ஒண்ணு பாத்து மாட்டிடு. எதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றீர்கள். மச்சான், என்னிடம் இதுவரை யாரும் எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை. நம் ஜோஷுச் சீமையில் பேர் போனது இரண்டுதான், மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றும் வீட்டை ஆளும் பெண்டாட்டியும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆயுசைக் கழித்தவனிடம் தாங்கள் ஒரு முடிவை ஒப்படைத்தீர்கள். சப்போரோவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, வளைவில் உட்கார்ந்து, தங்கள் வண்டி கடந்து போனது தெரியாமல் தாங்கள் "இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்?

நான் குடிநீர் வாரியத்தில் குழாயோடு குழாயாகக் கிடந்தவன். காற்றும் தண்ணீர் மாதிரிதானே, ஒரு பக்கம் புகுந்து ஒரு பக்கம் போகிறது, இதில் என்ன கம்பசூத்திரம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது புறவழிச்சாலையில் இருக்கும் பழைய உதிரிபாகக் கடைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. ஒரு சுவர் முழுக்கக் காற்றுக் குழாய்கள். வளைந்தது, நெளிந்தது, பளபளத்தது, கறுத்தது, யானைத் துதிக்கை போல ஒன்று, ஒன்றின் முனையில் குடை விரித்த காளான் போல ஒரு ஃபில்டர். அதற்குப் பெயரே காளான்தானாம். வண்டி மூச்சு விட மனிதன் இத்தனை வழி யோசித்திருக்கிறானே என்று வாய் பிளந்து நின்றேன். ஃபுசாயே வேறு பக்கம் போய்விட்டாள். நான் என் தொழில் அறிவைக் காட்ட, ஒவ்வொரு குழாயாக எடுத்து வாயில் வைத்து, இன்ஜின் இழுப்பது போல ஆழமாக இழுத்துப் பார்த்தேன். எது தடையில்லாமல் வருகிறதோ அதுதானே நல்ல குழாய்! கடைக்காரர் ஷிமோயாமா ஓடி வந்தார். "ஐயா, ஐயா! அது புதுசு இல்லீங்க. முன்னாடி இருந்த வண்டி தின்ன தூசியெல்லாம் உள்ளதான் இருக்கு!" என்றார். அதற்குள் பாதி என் உள்ளே போய்விட்டது. தலை சுற்றி, விற்பனைக்கு வைத்திருந்த பந்தயக் கார் இருக்கை ஒன்றில் சாய்ந்தேன். அந்த இருக்கை என்னை அப்படியே கவ்விக்கொண்டது, எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. வாசலில் யாரோ ஒரு வாடிக்கையாளர் காளான் மாட்டிய வண்டியைக் கிளப்பினார். மச்சான், அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு உலகத்துக் காற்றையெல்லாம் ஒரே வாயில் குடிக்கிற மாதிரி ஒரு உறிஞ்சல். என் நெஞ்சுக் குழியில் அதிர்ந்தது. கையில் இருந்த குழாய் தானாக ஊதியது போல நடுங்கியது. வண்டி என்பது பெட்ரோலில் ஓடுகிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன், அது நம்மைப் போலவே காற்றைத் தின்று வாழ்கிற ஜீவன் என்று அந்தக் கணத்தில் விளங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனேன். மச்சான் கேட்க வேண்டியது இதைத்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். அது என் வாழ்க்கையின் முதல் முடிவு.

முடிவு செய்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே! அவ்வளவு பெரிய சத்தம் தெருவுக்கு வரப்போகிறது என்றால் முதலில் அக்கம்பக்கத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டாமா? ஃபுசாயே கடையில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, வழியில் இகாஹோ மஞ்ஜூ இனிப்புப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் குனிந்தேன். "எங்க வண்டியால இனிமே உங்களுக்குப் பெரிய தொந்தரவு. முன்கூட்டியே மன்னிக்கணும்" என்றேன். பக்கத்து வீட்டு ஒரிஹாரா அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எதிர்வீட்டு விவசாயி கானாய், "உடம்பைப் பாத்துக்குங்க" என்று கண் கலங்கினார். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் என் வாயைச் சுற்றிக் கன்னங்கரேலென்று வட்டமாக ஒரு கறை இருப்பது தெரிந்தது. வண்டியை ஒரு சாக்காகச் சொல்லி, சாகப்போகிற மனிதன் விடைபெற வந்திருக்கிறான் என்று பாதித் தெரு நினைத்திருக்கிறது.

மாலையில் ஃபுசாயே வந்தாள். கையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து பம்பர் வரைக்கும் நீளும் ஒரு குழாய். காளானைக் காணோம்.

"என்னம்மா இது? மூடியில்ல இருக்கு!"

"மூடித்தான் இருக்கணும். அந்தக் காளான் பானட்டுக்குள்ள இருக்கிற சூட்டையெல்லாம் இழுக்கும். வண்டிக்குக் குளுந்த காத்துதாங்க சோறு. சூட்டுக் காத்து வெறும் கஞ்சித்தண்ணி."

"நீ பாத்தியா சூட்டை?"

சமையலறைக்குப் போய், தெம்புரா பொரிக்கிற எண்ணெய்க்கு வைக்கிற வெப்பமானியை எடுத்து வந்தாள். என்னை வண்டியில் ஏற்றி ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். பானட்டைத் திறந்து, காளான் உட்கார வேண்டிய இடத்தில் வெப்பமானியை நீட்டினாள். முள் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நான் பின்னால் நகர்ந்தேன். பிறகு அதையே பம்பருக்குப் பின்னால், குழாய் முனை வரப்போகிற இடத்தில் வைத்தாள். முள் குழந்தை மாதிரி இறங்கிவிட்டது. "அகாகி மலைக் காத்தைச் சாமி சும்மா குடுக்குது, அதை விட்டுட்டு அடுப்புக்குள்ள மூக்கை வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். குழாய் வேலை செய்த எனக்கு அது தோன்றவில்லை. பாலர் பள்ளிப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவளுக்குத் தோன்றியிருக்கிறது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவளே பெட்டியை மாட்டினாள். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாரைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் வைத்தபோது அவள் விரல்கள் போன விதத்தைப் பார்த்து நான் பிரமித்துப் போனேன். இவ்வளவு காலம் இந்தக் கை எனக்கு மிசோ சூப் ஊற்றியதா என்று ஒரு மரியாதையே வந்துவிட்டது. அன்று இரவு இரண்டாம் கிண்ணம் கேட்கத் தைரியம் வரவில்லை.

வண்டி பிரமாதமாக இழுத்தது. ஆனால் சத்தம்? பூனை பால் குடிப்பது போல. அதாவது சத்தமே இல்லை.

இங்கேதான் என் தலைவலி தொடங்கியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் வீடு வீடாகப் போய் மணியை அடித்துவிட்டு வந்திருக்கிறேன், யானையைத்தான் காணோம். நம் பக்கத்தில் மன்னிப்பு என்பது விளையாட்டா? அவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள், மஞ்ஜூவைச் சாப்பிட்டும் விட்டார்கள். சாப்பிட்டபின் தொந்தரவு வரவில்லை என்றால் அந்த மஞ்ஜூ அவர்கள் வயிற்றில் எந்தக் கணக்கில் இருக்கும்? முதலில் ஒரிஹாரா அம்மா வேலியோரம் வந்தார்.

"மினெகிஷி ஐயா, தப்பா நெனைக்காதீங்க. மஞ்ஜூ அருமையா இருந்துச்சு. ஆனா அந்தச் சத்தம்... இன்னும் வரலையே? நானும் தினம் காலைல ஜன்னலைச் சாத்திட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"வரும்மா, வரும். கொஞ்சம் தாமதம்."

"அவசரமில்லீங்க. நாய்க்குத்தான் பழக்கப்படுத்தணும், அதுக்காகக் கேட்டேன்."

அடுத்து கானாய். "நாங்க படுக்கையையே பின்னறைக்கு மாத்திட்டோம்ங்க. அங்க கொசு. சத்தம் வராதுன்னா சொல்லிடுங்க, திரும்ப முன்னாடி வந்துடுறோம். வரும்னா தாங்கிக்குறோம்" என்றார். அதோடு பதில் மரியாதை என்று ஒரு கூடை முட்டைக்கோசு வேறு. ஊர் வழக்கப்படி, வாங்கிய மன்னிப்புக்குப் பாதி மதிப்பில் திருப்பிச் செய்துவிட்டார், இனி நான் சத்தம் போட்டே தீர வேண்டும். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கொடுத்தது போல ஆயிற்று. தெருச் சங்கத்து அறிவிப்பு அட்டையை வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டபோது என் வீட்டுக்கு வந்த தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால், "உடல்நலம் தேறியதா?" என்று எழுதியிருந்தார்கள். என்னைக் கேட்டதா வண்டியைக் கேட்டதா என்று தெரியவில்லை.

(யாசுயோ அக்கா, இந்தப் பத்தியைக் குரல் தாழ்த்தி வாசிக்கவும். மச்சான் வண்டி விஷயத்தில் கோபக்காரர்.) ஃபுசாயே தன் பஸ் ஓட்டும் தோழிகளோடு இகாஹோ வெந்நீர்க் குளியலுக்குப் போன அன்று, நான் ஷிமோயாமா கடையிலிருந்து அந்தக் காளானைக் கொண்டுவந்து நானே மாட்டினேன். திருகுவது, இறுக்குவது எல்லாம் குழாய் வேலைதான், கை தானாகப் போயிற்று. சென்சாரின் பிளக்கை இழுத்தபோது மட்டும் "டிக்" என்று ஒரு சத்தம் வந்து, அதன் கிளிப் என் உள்ளங்கையில் தனியாக வந்து உட்கார்ந்தது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, ரொட்டிப் பை வாயைக் கட்டும் கம்பியால் கட்டிவிட்டேன். பிறகு கிளப்பினேன். மச்சான்! வந்தது யானை! ஒரிஹாரா அம்மாவின் நாய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரிஹாரா அம்மா ஜன்னலைத் திறந்து, "வந்துடுச்சா? அப்பாடா!" என்றார். கானாய் வயல் காலணியோடு ஓடி வந்து தெருவில் நின்று, "அடேங்கப்பா, இதுக்கு ஒரு பெட்டி பத்தாதுங்க" என்று சொல்லிக் குனிந்தார். நானும் வண்டியிலிருந்து இறங்கிக் குனிந்தேன். தெருவே குனிந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் தலை நிமிர்ந்து நடந்து பல நாளாயிற்று.

ஃபுசாயே குளியல் முடிந்து வந்து, கடைக்குப் போக வண்டியை எடுத்தாள். தெருமுனை மேட்டைக்கூடத் தாண்டவில்லை, திரும்பி வந்தாள்.

"யாருங்க என் வண்டி மூக்குல கை வெச்சது?"

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. "எந்த மூக்கு?" என்றேன்.

"மேட்டுல ஏறவே மாட்டேங்குது. வெந்நிக் குளியல்ல உக்காந்துக்கிட்டு மூச்சு விடுற மாதிரி விடுது. பானட்டைத் தொறக்கட்டா, நீங்களே சொல்றீங்களா?"

நானே சொன்னேன். மஞ்ஜூவைச் சொன்னேன், கானாயின் கொசுவைச் சொன்னேன், கடைசியில் தங்களைச் சொன்னேன். "மச்சான் காதால பாக்கணும்னாரு. சத்தமே இல்லாத வண்டியை எப்படிப் பாப்பாரு? வளைவுல உக்காந்துட்டு வண்டி போனதே தெரியாம இருந்தா என்ன பண்றது?" என்றேன். அவள் குளியல் துண்டை மடித்து வைத்தாள். "அண்ணன் கேட்டது வண்டி ஏறி வர்றத. இரைச்சலை இல்ல" என்றாள். பிறகு, "சரி. பழைய பெட்டி, நான் வாங்கின பெட்டி, உங்க காளான். மூணையும் மாத்தி மாத்தி மாட்டி மலை ஏத்திப் பாத்துடலாம். நீங்க அந்த வளைவுல கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அண்ணன் எப்படிக் கேப்பாரோ அப்படியே கேளுங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அது" என்றாள். பார்த்தீர்களா மச்சான், முடிவு திரும்பவும் என்னிடமே வந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்குப் போனோம். டீக்கடை மூடி வெகுகாலம் ஆகிறது, விளம்பரக் கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது. அதனடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஃபுசாயே தன் கழுத்துத் துணியால் என் கண்ணைக் கட்டினாள். தான் வந்து அவிழ்க்கும் வரை தொடக் கூடாது என்றாள். கள்ளத்தனம் செய்துவிடக் கூடாதே என்று என் கைபேசியையும் அவளிடமே கொடுத்தேன். வண்டியோடு அவள் அடிவாரத்துக்கு இறங்கிப் போனாள்.

முதல் ஓட்டம், பழைய பெட்டி. மென்மையாக, பஞ்சு போல, எங்கோ தொலைவில் போவது போலிருந்தது. இரண்டாவது, ஃபுசாயே வாங்கியது. அதுவும் அப்படியே பஞ்சு போல. நடுவில் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று என்னைக் கடந்தது, கண்ணைக் கட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஏதோ விரதம் என்று நினைத்தார்களோ என்னவோ, மெல்லப் போனார்கள். (யாசுயோ அக்கா, அடுத்த வரியைத் தாண்டிவிடவும்.) இரண்டாவது ஓட்டம் முடிந்த பிறகுதான் துணி என் காதுகளையும் சேர்த்து மூடியிருப்பதைக் கண்டுபிடித்தேன். காதை விட்டு மேலே ஏற்றிக்கொண்டேன்.

மூன்றாவது, காளான். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மாட்டுகிறாள் போல என்று பொறுமையாக இருந்தேன். பறவைச் சத்தம், ஈர மண் வாசனை. பிறகு கீழே, மிகக் கீழே, அது கேட்டது. கடையில் கேட்டது போல அது வெறும் உறிஞ்சல் இல்லை. கனத்த குரல். பாரம் சுமந்து வருகிறவன் குரல். கூடவே லேசாகக் கடகடவென்று ஒரு அதிர்வு, அது காளானின் தனிச் சிறப்பாக இருக்க வேண்டும். ஒரு வளைவு வரும் முன்பே குரல் தணிகிறது. ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கிறது. அப்புறம்தான் எழுகிறது, அவசரமில்லாமல், இந்த மலை எனக்குத் தெரியும் என்பது போல. அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. இதை நான் அறிவேன், இது எனக்கு எப்போதோ பழக்கமானது, இது நம் வண்டி, வேறு எதுவும் இல்லை என்று என் முதுகெலும்பு சொல்லிற்று. காற்றில் முட்டைக்கோசு மணம்கூட வந்தது. குளிர்ந்த காற்றை அவ்வளவு வேகமாக இழுத்தால் பக்கத்து வயல் மணமும் சேர்ந்து வரும் போல. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "மச்சான்! இதுதான்! இதுதான் மச்சான்!" என்று கத்திக்கொண்டே அது கடந்து போகிற திசையில் குனிந்து வணங்கினேன். கட்டிய துணி நனைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட நான் இப்படி அழவில்லை.

அதன் பிறகு ஏதோ பண்பு கெட்ட வண்டி ஒன்று காது கிழிய இரைந்துகொண்டு வந்து என் பக்கத்திலேயே நின்றது. "சீ, யாருடா இது காலங்காத்தால?" என்று முகத்தைச் சுளித்தேன். சற்றுப் பொறுத்து ஃபுசாயே வந்து கட்டை அவிழ்த்தாள். அதற்குள் அப்படி இரைந்துகொண்டு வந்த இளசுகள் போய்விட்டிருந்தார்கள், நம் வண்டி மட்டும்தான் நின்றது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எதுங்க?" என்றாள். "மூணாவது" என்றேன். "சந்தேகமில்லையே?" என்றாள். "செத்தாலும் மறக்காது" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. தோற்றுப் போனதில் வருத்தம் போலிருக்கிறது. நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஆகவே மச்சான், தாங்கள் ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றிவிட்டேன். காளான்தான். ஓபோனுக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். அதே நாற்காலி, அதே வளைவு, பக்கத்தில் நான் நிற்பேன். தாங்கள் "இன்னும் வரலையா?" என்று கேட்கவே வேண்டியிராது. கானாய் பின்னறைக் கொசுவிலேயே இருக்கச் சம்மதித்துவிட்டார், ஒரிஹாரா அம்மாவின் நாயும் பழகி வருகிறது.

தங்கள் செவிகள் இரண்டும் இன்று போல் என்றும் கூர்மையாக இருக்க அகாகி மலைத் தெய்வத்தை வேண்டி, இவ்வளவு நீளமாக வாசித்ததற்கு யாசுயோ அக்காவின் தொண்டைக்கு நன்றி கூறி, மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசியைச் சொல்லி, மழையில் நனையாமல் முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
மினெகிஷி தொகுஜி

பின்குறிப்பு:

அண்ணே, நான் ஃபுசாயே. உறையை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். அண்ணி, குறிப்பெல்லாம் பாக்காம எல்லாத்தையும் உரக்கவே படிங்க.

அவர் கேட்டது காளான் இல்ல. மூணாவது ஓட்டத்துக்குக் காளானை மாட்டினதும், ரொட்டிப் பைக் கம்பியில தொங்கிக்கிட்டு இருந்த அந்த பிளக்கு கழண்டு, வண்டி அடிவாரத்துலயே நின்னுபோச்சு. மேல இவர் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, கைபேசி என்கிட்ட. அந்த நேரம் பாத்து கானாய் முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு அவரோட குட்டி லாரியில வந்தாரு. அந்த லாரியை இரவல் வாங்கிக்கிட்டு, "இன்னைக்கு முடியாது, எந்திரிங்க"ன்னு சொல்றதுக்குத்தான் மலை ஏறினேன். வளைவுக்கு வந்தா, இவர் நின்னுக்கிட்டு "இதுதான் மச்சான்"னு கத்தறாரு, முட்டைக்கோசு லாரியைப் பாத்து இடுப்பு வரைக்கும் குனியறாரு. நான் எங்க நிறுத்தறது? அப்படியே போய்ட்டேன். திரும்பி இறங்கும்போது இன்ஜினை அணைச்சுட்டு இவரை ஓசையில்லாம தாண்டி வந்தேன். பிளக்கை என் தலைமுடி ரப்பரால இறுக்கிட்டு, அதே காளானோடதான் இவரைக் கூப்பிட வந்தேன். அந்தப் பண்பு கெட்ட வண்டி நம்ம வண்டிதான்.

காளானைக் கழட்டிக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன். நான் வாங்கின பெட்டிதான் இருக்கு. நாளைக்கு இவர் திரும்ப மஞ்ஜூ வாங்கிக்கிட்டு வீடு வீடாப் போகணும், சத்தம் வராததுக்கு மன்னிப்புக் கேக்க. அது அவருக்கு இன்னும் தெரியாது.

ஆனா அண்ணே, அன்னைலேர்ந்து எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடுது. வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிட்டு, ஒரு மூச்சு சும்மா விட்டு, அப்புறம் மிதிக்கிறது நீங்க கத்துக் குடுத்தது. பாலர் பள்ளிப் பஸ்ஸையும் நான் அப்படித்தான் ஓட்டினேன், முட்டைக்கோசு லாரியும் என் கையில அப்படித்தான் வருது போல. இந்த மனுஷன் என் பக்கத்துல உக்காந்தா பயத்துல கண்ணை இறுக்க மூடிக்குவாரு. இத்தனை வருஷமும் நான் அதை நெனச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். மூடின கண்ணோட அவர் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு.

ஓபோனுக்கு வாங்க. வளைவுல ரெண்டு நாற்காலி போட்டு வெக்கிறேன். எந்த வண்டியில வருவேன்னு சொல்ல மாட்டேன். நான் வந்துட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.